முதலில் பொதுப்பாடமா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சமுதாயக் கல்லூரியில் பயின்றுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டம் பெறலாம். 2010-இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்குத் தெளிவான கணக்கு வகுத்தது: கல்லூரியில் 60 பாட அலகுகள், மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேலும் 60.

இவ்வாறு மாறுவோர்க்கு வழக்கமாகக் கூறப்படும் அறிவுரை, "முதலில் பொதுப்பாடங்களை முடித்துவிடுங்கள்" என்பதாகும். வரலாறு பயில்வோர்க்கு இது பொருந்தலாம். நிலவியலுக்குப் பொருந்துமா?

பிளேஜியோகிளேஸ் என்னும் கனிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் படிகத்தில் சோடியத்தின் இடத்தில் கால்சியம் அமரும்போது, சிலிக்கனின் இடத்தில் அலுமினியமும் அமர்கிறது. ஏன்? மின்னூட்டம் சமநிலையில் இருக்க வேண்டுமல்லவா! வேதியியல் அறியாதவர்க்கு இது வெறும் மனப்பாடமே. ஆகவே வேதியியலுக்குப் பின்னரே கனிமவியல், அதன்பின் பாறையியல், இறுதியில் கோடைக்காலக் களப்பயிற்சி. கனிமவியலைப் பல துறைகள் ஆண்டுக்கு ஒருமுறையே நடத்துகின்றன. வேதியியலைத் தள்ளிப்போட்டவர், 60 அலகுகளோடு வந்தும் ஓராண்டு காத்திருக்க நேரிடும். கல்லூரியில் மிச்சம்பிடித்த பணமும் அதில் கரைந்துவிடும்.

அந்த அறிவுரை அலகுகளை எண்ணுகிறது. பாடங்களின் வரிசையைப் பார்ப்பதில்லை. நீங்கள் இவ்வழியில் நிலவியல் பயில எண்ணினால், வேதியியலையும் நுண்கணிதத்தையும் முதலாண்டிலேயே தொடங்குங்கள், அடுத்து இயற்பியல். பொதுப்பாடங்களை இவற்றினூடே முடித்துக்கொள்ளலாம்.