முறைப்பாடும் வழக்குரையும்

குறையுற்றார் தம் குறையை உரியாரிடம் எடுத்துரைத்தலை ஈழத்தார் 'முறைப்பாடு' என்பர். தமிழகத்தார் 'புகார்' என்பர். புகார் என்பது காவிரிப்பூம்பட்டினத்தின் பெயராதலின் அதுவே தூய பழந்தமிழ்ச் சொல் எனவும், முறைப்பாடு வெறும் வட்டாரச் சொல் எனவும் கருதுவாருளர். அக்கருத்துப் பொருந்துவதன்று.

நகர்ப்பெயராகிய புகார் வேறு. குறைகூறலாகிய புகார் வேறு. பின்னையது கூவியழைத்தலை உணர்த்தும் இந்துஸ்தானிச் சொல்லின் வழிவந்தது. 'பிராது' என்பதோ ஓலத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் திரிபு. ஆங்கிலேயர் வழங்கும் 'கம்ப்ளெயின்' என்னும் சொல்லின் இலத்தீன் வேரும் மார்பில் அறைந்து புலம்புதலையே சுட்டும். இம்மூன்றும் துயருற்றாரின் குரலால் பெற்ற பெயர்கள்.

முறைப்பாடு அத்தகையதன்று. முறை என்பது ஒழுங்கு. அரசன்மேல் வைத்துரைக்குங்கால் நீதி. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் இப்பொருளைக் காணலாம். அம்முறையை அடியாகக் கொண்டெழுந்தனவே முறையிடுதல், முறையீடு, முறைப்பாடு என்பன. ஆகவே முறைப்பாடு செய்வார் இரப்பாரல்லர். கேட்பார்க்கு அவர்தம் கடனை நினைவூட்டுவோராவர். 'வழக்கு' என்னும் சொல்லும் இவ்வாறே. உலகத்தார் வழங்கிவரும் நெறியையும், அந்நெறி பிறழ்ந்தவிடத்து எழும் வாதத்தையும் அவ்வொரு சொல்லே குறிக்கின்றது.

ஓலத்துக்கும் முறைப்பாட்டுக்கும் உள்ள வேற்றுமையைச் சிலப்பதிகாரம் தெளிவுறக் காட்டும். துன்பமாலையிலும் ஊர்சூழ்வரியிலும் கண்ணகி அரற்றுகின்றாள். வழக்குரை காதையிலோ வாயிலோன்வழித் தன் வரவை அறிவித்து, அவையேறித் தன் ஊரும் குடியும் உரைத்து, தன் சிலம்பின் உள்ளிடு பரல் மாணிக்கம் எனச் சான்று காட்டுகின்றாள். கோப்பெருந்தேவியின் சிலம்பிற் பரல் முத்து. அழுகை வழக்காக மாறியவிடத்தே அரசன் தன் பிழையை உணர்கின்றான்.

அக்காதையின் பெயர் மட்டக்களப்பு நாட்டில் இன்றும் வழிபாட்டோடு வாழ்கின்றது. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களின் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசித் திங்கட் சடங்கின்போது 'கண்ணகி வழக்குரை' பாடப்படும். வித்துவான் வி. சீ. கந்தையா அந்நூலை 1968 இல் பதிப்பித்தார். நூல் முழுமைக்கும் வழக்குரைத்தலே பெயராக அமைந்தமை கருதத்தக்கது. அன்னையின் துயரம், சினம், அருள் ஆகிய பலவற்றுள்ளும் இம்மக்கள் பெயரிடத் தெரிந்துகொண்டது அவள் நீதி கேட்ட நிகழ்ச்சியையே. கதவு திறத்தலோடு தொடங்கும் சடங்கு, அவள் வெம்மையைத் தணிக்கும் குளிர்த்தியோடு நிறைவுறும். வழக்கு முழுதும் கேட்கப்பட்ட பின்னரே குளிர்த்தி என்பது அவ்வடைவினால் யாம் கொள்ளும் பொருள்.

ஈழத்து நிலையங்களிலும் அலுவலகங்களிலும் நாடோறும் முறைப்பாடுகள் பதியப்படுகின்றன. பதிவோடு அமைந்து, ஆராயாது கிடத்தப்படுவது முறைப்பாடு என்னும் பெயர்க்கே இழுக்காம். சொல் கேட்பது செவியை மட்டுமன்று, முறையையும் ஆகும். வட்டாரச் சொல்லென்று ஒதுக்காது இதனைத் தமிழுலகம் முழுதும் கைக்கொள்ளல் தகும்.