ஏவி பெட்டி போதுமா?

2006க்குப் பிறகு சேலம், நாமக்கல் வீடுகளுக்கு அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவிகள் பலவும் பரணுக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போய்விட்டன. 1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ, புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் விற்ற ஸ்பெக்ட்ரம் பிளஸ் ஆகிய பழைய கணினிகளை இன்று வைத்திருப்பவருக்கு எதிரே இருப்பது எல்இடி டிவிதான். நடுவில் எதை வைப்பது?

கடையில் முதலில் கிடைப்பது மலிவான 'ஏவி டு எச்டிஎம்ஐ' பெட்டி. படம் வந்துவிடும், ஆனால் கோளாறோடு வரும். இந்தக் கணினிகள் பெரும்பாலும் திரைக்குச் சுமார் 312 வரிகளை விநாடிக்கு 50 முறை வரைகின்றன. பெட்டி அதை 625 வரி ஒளிபரப்பு என்று எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு படங்களைக் கோத்து ஒன்றாக்குகிறது. ஓடும் உருவத்தின் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிகிறது. ஒரு படத்தைப் பிடித்து வைத்தாலே 20 மில்லி விநாடி தாமதம். வெளியே 60 ஹெர்ட்சாக மாற்றி அனுப்பினால் நகர்வு திக்கித் திக்கிப் போகும். டிவியில் உள்ள ஏவி துளையில் நேராகச் செருகினாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஆனாலும் காம்போசிட் படத்தைக் கொண்டுவரும் மஞ்சள் கேபிளை ஒரேயடியாகக் கழித்துவிட முடியாது. ஸ்பெக்ட்ரத்தின் அகலம் 256 புள்ளிகள். அதற்கு அதிகபட்சம் 3.5 மெகாஹெர்ட்ஸ் போதும். நம் நாட்டின் பால் (PAL) ஒளிபரப்பு முறைக்கே 5 மெகாஹெர்ட்ஸ் இடம் உண்டு. பிபிசி மைக்ரோவின் 80 எழுத்து வரிக்கோ 640 புள்ளிகள். அதற்கு 8 வேண்டும். அதே கம்பியில் 4.43 மெகாஹெர்ட்சில் நிறமும் ஏறினால், 'm' எழுத்தின் கால்களை டிவி நிறமென்று நினைத்துக் குழப்பிவிடும். பிபிசியின் காம்போசிட் வெளியீடு ஆரம்பத்தில் கறுப்பு வெள்ளையாகவே அமைக்கப்பட்டிருப்பதால் எழுத்தாவது தப்பிக்கிறது.

நல்ல வழி பிபிசியின் பின்னாலேயே இருக்கிறது: 6 முனை ஆர்ஜிபி துளை. அதில் வருவது 8 நிறங்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் உண்டு, இல்லை என்ற குறிகளால் ஆனது. ராஸ்பெர்ரி பை ஜீரோவின் மேல் பொருத்தும் ஆர்ஜிபிடுஎச்டிஎம்ஐ பலகை அதைப் புள்ளி புள்ளியாக வாசித்து, ஊகம் எதுவுமின்றிப் படமாக்குகிறது. ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸுக்கு இந்தத் துளை இல்லை. படத்தை டிவி அலைவரிசைக்கு மாற்றும் மாடுலேட்டரைத் தாண்டி காம்போசிட் எடுத்து, 312 வரியை அதன் போக்கிலேயே இரட்டிக்கும் ரெட்ரோடிங்க் 2எக்ஸ் போன்ற கருவிக்குக் கொடுப்பதே பொருத்தம். இதே வகையைச் சேர்ந்த ஓஎஸ்எஸ்சி என்ற கருவிக்குப் பெயர் பெரிது. ஆனால் அது காம்போசிட்டை வாங்காது.

விளையாட்டுக்குப் பழைய டியூப் டிவியே இன்றும் முதலிடம். பிக்சர் டியூப் மங்கும்வரைதான். நீண்ட காலத்துக்கு பிபிசியை ஆர்ஜிபியிலும், ஸ்பெக்ட்ரத்தைக் காம்போசிட்டோடு வரி இரட்டிப்பானிலும் இணைப்பதே என் தீர்ப்பு. மலிவுப் பெட்டியைக் கணினி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் முன், பிபிசியின் பவர் சப்ளையில் உள்ள பழைய வடிகட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றிவிடுங்கள். புகை வந்த பிறகு எந்தக் கேபிள் நல்லது என்ற கேள்விக்கே வேலையில்லை.