யூனிட் கணக்கில் வராத விறகு

சூரிய சக்தி என்றாலே மொட்டை மாடியில் நீலப் பேனல்தான் என்று ஆகிவிட்டது. கொள்கை எழுதுகிறவர்களுக்கும் அப்படித்தான் போல. தமிழ்நாடு சூரிய சக்திக் கொள்கை 2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2023-க்குள் 9,000 மெகாவாட், அதில் 40 சதவீதம் நுகர்வோர் இடங்களில் என்பது அதன் இலக்கு. முழுக்க மின்சாரக் கணக்கு. இதை ஆரணிப் பட்டின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு ஓட்டை தெரிகிறது.

ஒரு பட்டுப் புடவைக்கு ஆற்றல் எங்கே செலவாகிறது? கைத்தறி கையாலும் காலாலும் ஓடுவது. தறி இருக்கும் அறையில் இரண்டு 20 வாட் விளக்கு, ஒரு 75 வாட் மின்விசிறி, நாளுக்கு 10 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 69 யூனிட். மோட்டார் வைத்த ஜக்கார்டு என்றால் கொஞ்சம் கூடும். 2023 முதல் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். நெசவுக் கூலியில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது தேவைதான், அதில் எனக்குக் கேள்வி இல்லை. ஆனா பட்டின் பெரிய ஆற்றல் செலவு அந்த அறையிலேயே இல்லை. சாயப்பட்டறை அடுப்பில் இருக்கிறது.

கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை செரிசின் என்கிற பசை. சோப்புத் தண்ணீரில், கொதிநிலையை ஒட்டிய சூட்டில் வேகவைத்தால்தான் அது போகும். பட்டுக்குப் பளபளப்பு வருவதும் அதன்பிறகுதான். ஒரு கிலோ பட்டுக்கு 30 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைப்போம். 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 2.3 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் வேண்டும். திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் எட்டில் ஒரு பங்குதான் அண்டாவுக்குப் போகிறது என்று வைத்தால், நாலு கிலோவுக்கு மேல் விறகு. இது தண்ணீர் சூடேறும் வரைக்கும் மட்டும். வேகவைக்கும் நேரத்துக்குத் தனி, அடுத்து சாயம் ஏற்றும் வெந்நீருக்குத் தனி.

இந்த விறகு எந்த மீட்டரிலும் ஓடுவதில்லை. அதனால் எந்த இலக்கிலும் இல்லை.

வெப்பம் எப்பவுமே இப்படி விடுபட்டிருந்தது என்றும் சொல்ல முடியாது. 2010-இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தித் திட்டத்தில் இரண்டு இலக்குகள் இருந்தன. 2022-க்குள் 20,000 மெகாவாட் மின்சாரம் ஒன்று. 2 கோடி சதுர மீட்டர் சூரிய வெப்பத் தகடுகள் இன்னொன்று. 2014-இல் சூரிய வெந்நீர்க் கருவிகளுக்கான மத்திய மூலதன மானியம் நின்றது. மறு வருடமே மின்சார இலக்கு ஐந்து மடங்காகி ஒரு லட்சம் மெகாவாட் ஆனது. 2024-இல் வந்த பிரதமரின் சூர்யா கர் திட்டம் வீட்டுக் கூரைப் பேனலுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. மின்சாரம் வளர்ந்தது, வெப்பம் பேச்சிலிருந்தே காணாமல் போனது.

இதனால நஷ்டம் என்ன? சாதாரண சூரிய வெந்நீர்க் கருவி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவரும். 30-லிருந்து 95-க்குப் போகும் பயணத்தில் அது கிட்டத்தட்ட பாதி தூரம். மீதிக்குத்தான் விறகு. பத்து கிலோ பட்டுக்கான 300 லிட்டரை அப்படிச் சூடாக்க ஏறக்குறைய 6 சதுர மீட்டர் தகடு போதும். ஒரு நல்ல வெயில் நாளில் கிடைக்கும் வெப்பம் 10 யூனிட்டுக்குச் சமம். அதே இடத்தில் பேனல் வைத்தால் நாலு அல்லது ஐந்து யூனிட்தான் வரும். வெந்நீர்தான் தேவை என்றால் பேனலைவிட பழைய தகடே இரண்டு மடங்கு லாபம்.

எதிர்வாதம் உண்டு. மின்சாரத்தை எதற்கு வேண்டுமானாலும் திருப்பலாம், வெந்நீரைத் திருப்ப முடியாது. போர்வெல் தண்ணீரின் உப்பு குழாயில் படியும். மழை நாளில் மறுபடி விறகுதான். எல்லாமே நியாயம். விறகும் மறுபடி முளைப்பதுதானே என்பார்கள். வெட்டின அளவுக்கு நட்டால் சரிதான். ஆனால் அடுப்புப் புகையை உள்ளே இழுக்கிறவருக்கு அந்தக் கணக்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எனக்குப் படுவது இதுதான். மெகாவாட்டை மட்டும் எண்ணும் கொள்கைக்கு, கூரைக்கு மேலே பேனல் வந்த சாயப்பட்டறை பசுமையாகிவிட்டது. கூரைக்குக் கீழே அதே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அடுத்த கொள்கையில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: ஒரு கிலோ பட்டுக்கு எத்தனை கிலோ விறகு. முதலில் அளக்கட்டும். அளந்து எழுதிவிட்டால், பொதுச் சாயக்கூடத்தில் வெந்நீர்த் தகடு வைக்கக் கைத்தறித் துறை தனிப் புரட்சி எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு மதிப்பீட்டுப் படிவத்தோடு வேலை முடிந்துவிடும்.