சுழலும் பின்னணி

ஹீலியோஸ் 44-2: மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில், ஜெனித் ஃபிலிம் கேமராக்களுக்காகச் செய்த 58 மி.மீ. லென்ஸ். ஜெர்மன் பயோட்டார் லென்ஸின் வழித்தோன்றல்.

இதற்கும் ஃபிலிமுக்கும் இடையே சுமார் 45 மி.மீ. வேண்டும். இன்றைய மிரர்லெஸ் கேமராவில் அந்த இடைவெளி மிகக் குறைவு. மீதித் தூரத்தை நிரப்ப, கண்ணாடியே இல்லாத வெற்று உலோக வளையம் போதும்.

ஆட்டோஃபோகஸ் கிடையாது. லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை விரலால் மெல்லத் திருப்பத் திருப்ப, எதிரே நிற்பவரின் முகம் பனி விலகியதுபோல் தெளிகிறது. லென்ஸின் ஒளித்துளையை முழுதாகத் திறந்தால், பின்னாலிருக்கும் இலைகளின் ஒளிப்புள்ளிகள் ஓரங்களில் பூனைக்கண்ணாய் நசுங்கி, அந்த முகத்தைச் சுற்றிச் சுழல்கின்றன. ஒளியியல் கணக்கில் அது பிழை, கண்ணுக்கு விருந்து.

வெயில் நேரே விழுந்தால் படம் வெளிறும். உள்ளங்கையால் கொஞ்சம் நிழல் பிடித்தால் சமாதானமாகிவிடும்.