ஏற்றம் போன பின் ஏற்றப்பாட்டு

ஆவடியை அடுத்த வெள்ளானூர்ப் பக்கம் இன்று ஏற்றப்பாட்டைத் தேடிச் செல்பவர் வெறுங்கையுடன்தான் திரும்புவார். மின்சாரப் பம்புசெட்டு வந்தபோதே தமிழக வயல்களிலிருந்து ஏற்றம் விடைபெறத் தொடங்கிவிட்டது. சென்னையின் மேற்குப் புறநகரில் வயல்களும் பல மனைகளாகிவிட்டன. வேலை மறைந்தபின் அதன் பாட்டு எங்கே போகும்? திரைப்படத்துக்குப் போயிற்று என்பது வழக்கமான விடை. அவ்விடையைச் சற்றே உரைத்துப் பார்க்க விழைகிறோம்.

ஏற்றப்பாட்டு வேலைக்கு இடையே பாடிய பொழுதுபோக்கன்று. வேலையின் ஓர் உறுப்பு. ஏற்றமரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் சாலைப் பிடித்து நீரை வாய்க்காலில் கவிழ்ப்பார். எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கும் பாட்டுக்குள்ளேயே வரும். மூச்சு முடியும் இடத்தில் அடி முடியும். அதன் யாப்பை வகுத்தது நெஞ்சுக்கூடு எனலாம். ஏற்றக்காரர் பாடவிருந்த அடுத்த அடிக்காகக் கம்பரே காத்திருந்தார் என மக்கள் கதை சொன்னதில் வியப்பென்ன? நாற்று நடும் பெண்களும் குனிந்த முதுகோடு பின்னோக்கி நகர்ந்தபடி நெடிய அடிகளைப் பாட இயலாது. (இசைப்பதற்கும் உழைப்பின் வருத்தத்துக்கும் ‘பாடு’ என்ற ஒரே சொல்லைத் தந்த மொழி நம்முடையது.)

திரையில் இவற்றுள் எது எஞ்சியது? ‘மக்களைப் பெற்ற மகராசி’ (1957) படத்துக்கு மருதகாசி எழுதிய உழவுப் பாடல், மாடு பூட்டுவது முதல் விளைச்சலை விற்பது வரை அழகுற அடுக்குகிறது. ஆயினும் அது ஏவல் வாய்பாட்டில் அமைந்தது. உழைப்பவனின் பாட்டு என்பதைவிட உழைப்பவனுக்கு உரைத்த பாட்டு. இளையராஜாவின் முதற்படமான ‘அன்னக்கிளி’யில் (1976) எஸ். ஜானகி பாடிய நெல் குத்தும் பாட்டு உண்டு. உலக்கையின் தாளம் அதில் இன்பமாகக் கேட்கிறது. கை ஓயும் இடத்தையோ இசைக்கருவிகள் நிரப்பிவிடுகின்றன. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மெட்டு வந்தது, சுமை வரவில்லை என்றே சொல்கிறோம். ‘படகோட்டி’யில் (1964) வாலி எழுதிய மீனவர் பாடலில் ஐலசாவின் இழுப்பு இல்லாவிடினும் கடலுக்குச் சென்றவன் திரும்புவானா என்ற அச்சம் இருக்கிறது. நம் ஆலயங்களில் தெம்மாங்கு மெட்டில் அமைந்த காணிக்கைப் பாடல்களையும் இவ்வாறே உரைத்துப் பார்க்கலாம்.

ஆவடி வழிச் செல்லும் இரயில் பாதையில் உள்ளது அரக்கோணம். அவ்வூர்ப் பாடகர் அறிவு எழுதி, தீயுடன் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021-இல் வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வையும் ஒப்பாரியின் குரலையும் அவர் அதனுள் கொணர்ந்தார். பயிர் செய்தவருக்கு நிலமில்லை என்ற முறையீட்டைத் துள்ளலிசை மூடிவிடவில்லை. அண்மைக்காலப் பாடல்களில் இதனையே முதன்மையாகக் கருதுகிறோம். ஆனால் பின்னர், ஆக்கியவர் யார் என்ற வழக்கு எழுந்தது. தமக்கோ பாடிய இருவருக்கோ அப்பாடலால் ஒரு காசும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-இல் வெளிப்படையாகவே கூறினார். சால்களை எண்ணிச் சொன்ன பாட்டின் பேத்தி, கோடிக்கணக்கானோர் கேட்டபின்னும் கூலிக்குக் காத்து நிற்கிறாள்.