முதுகு நீரின் சாட்சி

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் குடியிருக்கும் நெல்லைக்காரப் பெரியவர் ஒருவருக்கு மறதி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலிருக்கும் சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, கேள்வி இந்தியில்தான் வரும். இன்று என்ன தேதி? நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள். இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள். பெரியவரோ பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், தோல் பதனிடும் பட்டறையில் கூலிக்கணக்கு முழுவதையும் மனத்திலேயே வைத்திருந்தவர். அவர் தடுமாறினால் காரணம் நோயா, மொழியா, படிப்பில்லாமையா?

இந்தச் சிக்கலை நம் ஆய்வாளர்கள் அறியாதவர்கள் அல்ல. எழுத்தறியாதவர்களுக்குப் பொருந்தும்படி நினைவாற்றல் தேர்வு ஒன்றை 1990களிலேயே அரியானாவின் பல்லப்கரில் இந்தியில் வடிவமைத்தார்கள். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) ஒரு தேர்வுத் தொகுப்பை உருவாக்கி இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று ஐந்து மொழிகளில் சரிபார்த்து வெளியிட்டது. அந்தப் பட்டியலில் தமிழும் இல்லை, மராத்தியும் இல்லை. மும்பைத் தமிழருக்கு வீட்டு மொழி, ஊர் மொழி இரண்டுமே விடுபட்டுப்போயின. மும்பையில் நடந்த ஓர் ஆய்வு 2001இல், 65 வயதைக் கடந்தவர்களில் 2.44 விழுக்காட்டினருக்கு மறதி நோய் என்றது. 2023இல் வந்த அகில இந்திய மதிப்பீடோ 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காடு என்கிறது. இந்த இடைவெளியில் நோய் பெருகியது எவ்வளவு, அளவுகோல் மாறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

மூளைத்தண்டுவட நீரைச் சோதிப்பதன் முதல் கவர்ச்சி இங்கேதான். அந்த நீருக்கு மொழி கிடையாது, படிப்பும் கிடையாது. முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தி நீர் எடுக்கும் முறையை ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் குவின்கே 1891இல் விவரித்தார். அந்த நீரில் அமிலாய்டு பீட்டா 42 என்ற புரதம் குறைந்து, டாவ் என்ற புரதம் கூடியிருந்தால் அல்சைமர் என்று சந்தேகிக்கலாம். அமிலாய்டு மூளையிலேயே படிந்து தங்கிவிடுவதால்தான் நீரில் குறைகிறது.

மறதி நோயில் எந்த வகை என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது, எல்லாம் மறதிதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும். லூயி உடல் மறதி நோய்க்காரருக்கு இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும். அதை அடக்க ஹாலோபெரிடால் கொடுத்துவிட்டால் உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நெற்றிப்பொட்டு மறதி நோய் பெரும்பாலும் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வருவது. நினைவு ஓரளவு நன்றாகவே இருக்க, குணம் மட்டும் மாறிப்போகும். ‘அப்பா இப்படிப் பேசுகிறவரே இல்லையே’ என்று வீடு குமுறும், மனநல மாத்திரைகளில் வருடங்கள் ஓடும். இப்படிப்பட்டவரின் முதுகு நீரில் அமிலாய்டும் டாவும் சரியான அளவில் இருந்தால், இது அல்சைமர் அல்ல என்று அநேகமாக அடித்துச் சொல்லலாம். இந்தச் சோதனையின் ‘இல்லை’ அதன் ‘ஆம்’ என்பதைவிட நம்பகமானது என்பது என் கணிப்பு.

‘ஆம்’ ஏன் சறுக்குகிறது? நினைவு தெளிவாக இருக்கும் முதியவர்களிடமும் அமிலாய்டு படிகிறது. 2015இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பாய்வு, மறதியே இல்லாதவர்களில் ஐம்பது வயதில் பத்து விழுக்காட்டினருக்கும் தொண்ணூறு வயதில் 44 விழுக்காட்டினருக்கும் அது இருப்பதாகக் கணித்தது. மாட்டுங்காவில் எண்பத்தைந்து வயதுப் பாட்டி ஒருவருக்கு அமிலாய்டு தென்படுகிறது என்றால், அவருடைய மறதிக்கு அதுதான் காரணம் என்று யார் சொல்வது? முப்பது வருடச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் மூளையின் நுண்குழாய்களில் செய்த வேலையை இந்தப் புரதங்கள் காட்டிக்கொடுப்பதில்லை, அதற்கு எம்ஆர்ஐ வேண்டும். லூயி உடல் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அமிலாய்டும் கூடவே இருக்கிறது. முதிய மூளையில் நோய்கள் தனித்தனியாக வருவதில்லை. ஆனால் ஆய்வறிக்கையைப் படிப்பவர் ஒரே பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்.

இந்தக் குழப்பம் நிபுணர்களிடமும் இருக்கிறது. அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் 2024இல், உயிரியல் குறிகள் இருந்தாலே போதும், அறிகுறி இல்லாவிட்டாலும் அது அல்சைமர்தான் என்று வரையறுத்தது. அதே ஆண்டு சர்வதேசப் பணிக்குழு ஒன்று மறுத்தது: அறிகுறி இல்லாதவரை நோயாளி என்று அழைக்கக் கூடாது. நான் இரண்டாவது தரப்பு. திருமணம், சொத்து, பிள்ளைகளின் வரன் என்று எல்லாவற்றிலும் நோயின் பெயர் தலையிடும் நம் குடும்பங்களில் அந்த முத்திரையின் கனம் கூடுதல்.

பிறகு, நீர் எடுத்த பின் நடப்பது. அமிலாய்டு பீட்டா ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. கண்ணாடியிலோ பாலிஸ்டைரீன் குழாயிலோ பிடித்தால் அதன் சுவரில் ஒட்டி, நீரில் அளவு குறைந்துபோகும். நோய் இல்லாதவருக்கும் நோய் இருப்பதுபோல எண் வரலாம். பாலிப்ரொப்பிலீன் குழாயிலேயே பிடிக்க வேண்டும், குழாய் மாற்றிக்கொண்டே போகக் கூடாது. அமிலாய்டு 42ஐ அமிலாய்டு 40உடன் விகிதமாகப் பார்ப்பது இந்தப் பிழையை ஓரளவு ஈடுகட்டும், தானியங்கிக் கருவிகளும் ஆய்வகங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் குறைத்துள்ளன. இருந்தாலும் எந்த எண்ணுக்குக் கீழே நோய் என்ற எல்லைக்கோடு பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க நோயாளிகளைக் கொண்டு வரையப்பட்டது. மொழிச் சிக்கலிலிருந்து தப்பிய சோதனை வேறு வழியில் அந்நியமாகவே நிற்கிறது.

ஊசி பற்றிய பயத்தை மட்டும் ஒதுக்கிவிடலாம். ‘முதுகில் குத்தினால் கால் விளங்காது’ என்பது நம்மவர் பேச்சு. தண்டுவடம் முடிந்த இடத்துக்கும் கீழேதான் ஊசி இறங்குகிறது. உண்மையான தொந்தரவு தலைவலி. பழைய கூர்முனை ஊசியில் அது நூற்றில் பதினொருவருக்கு, மழுங்கிய முனையுள்ள புதுவகை ஊசியில் நான்கு பேருக்குத்தான். எந்த ஊசி என்று கேட்பது நோயாளியின் உரிமை.

என் பெரிய குறை வேறு. புதிய புரதங்களின் பளபளப்பில் அதே நீரின் பழைய, மலிவான சோதனைகள் பின்னால் போய்விடுகின்றன. செல் எண்ணிக்கை, சர்க்கரை, காசநோய்க் கிருமி, சிபிலிஸுக்கான விடிஆர்எல், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை ஆகியவற்றில் ஒன்று அகப்பட்டால் மருந்து இருக்கிறது, நோயாளி மீளவும் கூடும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2005இல் வெளியிட்ட ஆய்வில் மறதியோடு வந்த 129 பேரில் 24 பேருக்குக் குணப்படுத்தக்கூடிய காரணம் இருந்தது. மூளைத் தொற்று அவற்றில் முக்கியமானது, நீர்த்தேக்கமும் பி12 குறைபாடும் உண்டு. (பி12ஐக் கண்டுபிடிக்க முதுகைத் தொடவே வேண்டாம், கையில் ரத்தம் எடுத்தால் போதும்.) தலையில் நீர் தேங்கியவரிடம் முப்பது, நாற்பது மில்லி நீரை வடித்துவிட்டு நடக்கச் சொல்லிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். நடை தெளிந்தால் அறுவை சிகிச்சை பலன் தரலாம். காசநோய் இன்னும் அடங்காத மும்பையில், அமிலாய்டைப் புள்ளி வைத்துத் துல்லியமாகச் சொல்லிவிட்டு செல் எண்ணிக்கையை விட்டுவிடும் அறிக்கையால் பயனில்லை.

அறுபத்தைந்துக்கு முன்பே தொடங்கும் மறதி, வாரக்கணக்கில் வேகமாகச் சரிவது, பேச்சிலோ குணத்திலோ பார்வையிலோ தொடங்குவது ஆகிய நிலைகளில் இந்த ஊசி தன் விலைக்கு வேலை செய்யும். வேகமாகச் சரிபவரிடம் குரோய்ட்ஸ்ஃபெல்ட்–ஜேக்கப் நோயை உறுதிசெய்யும் சோதனையும் இதே நீரில்தான். லெகானெமாப் போன்ற அமிலாய்டு அகற்றும் மருந்து தொடங்குமுன்னும் சான்று தேவை. எண்பது தாண்டி மெதுவாக மறந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, ஊசியின் முடிவு எதுவானாலும் மருந்து மாறப்போவதில்லை என்றால் அவரை விட்டுவிடலாம்.

இதற்கிடையே ரத்தத்திலேயே டாவ் 217ஐ அளக்கும் சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்கா அனுமதி தந்துவிட்டது. முதுகு இனி தப்பித்தது என்று பலர் எழுதுகிறார்கள். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் அந்த டாவ் அளவு உயர்ந்து தோன்றும். செம்பூரில் சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்ட ஒரு பெரியவருக்கு வந்த ரத்த முடிவை நம்பலாமா என்று ஐயம் எழுந்தால், டாக்டர் திரும்பவும் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.