கூலி: ஒரு சொல்லின் பொருள்களும் வர்க்க உள்ளடக்கமும்

ஆங்கிலத்திற்குத் தமிழ் வழங்கிய சொற்கள் எவை எனப் பட்டியலிட்டுப் பெருமிதங் கொள்ளும் வழக்கம் நம் கட்டுரையாளரிடையே நெடுநாளாக உண்டு. கட்டுமரம், மிளகுதண்ணி, சுருட்டு என நீளும் அப்பட்டியலில் 'கூலி' என்பதும் ஒன்றாக எண்ணப்படுகிறது. இவ்வாறு எண்ணுதல் பொருந்துமா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து ஆண்ட திருகோணமலைத் துறைமுகம் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

இச்சொல்லின் பிறப்பை அறிஞர் மூன்று வகையாகக் கூறுவர். 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட 'ஹொப்சன்-ஜொப்சன்' என்னும் அகராதி, மேற்கிந்தியாவில் வாழும் கோலி என்ற சாதியாரின் பெயரே இதன் மூலம் என்ற பக்கம் சாய்கிறது. வேலைக்குப் பெறும் ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லும், அடிமையைக் குறிக்கும் துருக்கியச் சொல்லும் ஏனைய இரண்டு. சாதி, கூலி, அடிமை ஆகிய இம்மூன்றும் உழைப்பைக் கறப்பதற்கு வரலாறு கண்ட மூன்று வழிகள் என்பது மனங்கொள்ளத்தக்கது. சொற்பிறப்பியலார் இவற்றுள் ஒன்றைத் தேரலாம். சமூக வரலாறோ மூன்றையும் ஒருங்கே வேண்டி நிற்கிறது. பிரித்தானியப் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தபின், மொரிசியசுக்கும் கரிபியன் தீவுகளுக்கும் நத்தாலுக்கும் ஒப்பந்தத்தின் பேரில் ஆட்கள் ஏற்றப்பட்டபோது, பிறப்பாலான இழிவும் கூலியும் கட்டுப்பாடும் ஒரே மனிதனிடத்துக் குவிந்தன.

தமிழில் இச்சொல் தொடக்கத்தில் ஊதியத்தையே குறித்தது. திருக்குறளின் 62ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையில் அது முயற்சிக்கு உரிய பயன் என்னும் உயர்ந்த பொருளில் ஆளப்பெற்றுள்ளது. பின்னர் ஊதியத்தின் பெயர் அதைப் பெறுபவனுக்கும் ஆயிற்று. இலக்கணம் இதனை ஆகுபெயர் என்று கூறி அமையும். ஆயின் வணிகனை நாம் 'இலாபம்' என்று அழைப்பதில்லை. நிலக்கிழானுக்கு 'குத்தகை' என்று பெயரில்லை. உழைப்பாளி மட்டுமே தன் விலையால் அழைக்கப்படுகின்றான். கூலி என்பது உழைப்புச் சக்தியின் விலையேயன்றி உழைப்பவனின் விலையன்று என மார்க்ஸ் விளக்கினார். அவ்வேறுபாடு நடைமுறையில் அழிந்ததற்கு இவ்வாகுபெயர் சான்றாகும்.

இலங்கைத் தோட்டங்களில் இது மேலும் கொடிய வடிவம் பெற்றது. தொழிலாளியின் கடன், துண்டு எனப்படும் சீட்டில் எழுதப்பெற்றுத் துரையிடமிருந்து துரைக்கு மாற்றப்பட்டது. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, கூலி எனப்பட்டவன் கூலி பெறுபவனாக அன்றிக் கடன் தீர்ப்பவனாகவே வாழ்ந்தான்.

துறைமுகத்தின்வழிச் சென்ற பிற சொற்களோடு ஒப்புநோக்கின் உண்மை தெளிவாகும். கிடங்கு என்பது மலாய் மொழிவழி ஆங்கிலத்துட் புகுந்து பண்டசாலையைக் குறித்தது என்பர். அப்பொருள் இன்றும் மாறவில்லை. சோழமண்டலக் கரை மீனவரின் கட்டுமரம் 1697இல் வெளிவந்த டம்பியரின் பயணநூலில் இடம்பெற்றது; இன்று அச்சொல் செல்வர் உலாவும் இரட்டையுடற் படகைக் குறிக்கிறது. பண்டசாலையின் பெயர் நிலைத்தது. கலத்தின் பெயர் உயர்ந்தது. பண்டசாலையை நிரப்பிக் கலத்தில் ஏற்றியவனின் பெயரோ வசையாயிற்று. தென்னாபிரிக்காவில் கட்டணம் பெற்று வழக்காடிய காந்தியும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டமை, வர்க்கப்பெயர் இனப்பெயராக மாறியதைக் காட்டும்.

திருகோணமலையில் 1795 முதல் 1957இல் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை பிரித்தானியர் நிலைகொண்டிருந்தனர். கப்பற் பட்டறையும் சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களும் அவர்களின் கடலாதிக்கச் சின்னங்களாக நூல்களிற் பேசப்படுகின்றன. 1942 ஏப்ரல் 9இல் நிகழ்ந்த ஜப்பானியக் குண்டுவீச்சும் கப்பல்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அவற்றைக் கட்டிய கரங்கள் 'கூலி' என்ற தொகைப்பெயருள் மறைந்தன. பெயரற்றோரின் வரலாற்றை எழுதாதவர், அவர்களுக்கு இடப்பட்ட பெயரைத் தமிழின் பெருமையாகக் காட்டுவது முரண்நகையாகும்.

எனினும் பழி முழுவதையும் அந்நியர்மேற் சுமத்துதல் நேர்மையன்று. 'கூலிக்கு மாரடித்தல்' நம் வழக்கே. தமிழகத்தில் ஊர்த்தலைவனைக் குறிக்கும் 'நாட்டாமை', கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவனைக் குறிக்கிறது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய மலையக மக்களைத் 'தோட்டக்காட்டான்' என்று இழித்துரைத்தோர் தமிழரேயாவர். மொழியொருமை வர்க்க வேற்றுமையைத் துடைத்துவிடாது.

இலக்கியத்தில் இச்சொல் மீட்கப்பட்ட முயற்சிகள் உள. முல்க் ராஜ் ஆனந்த் 1936இல் தம் நாவலுக்கு இதனையே பெயராக்கினார். மொரிசியசுக் கவிஞர் கால் தொராபுள்ளி 1992இல் இதிலிருந்து ஒரு பண்பாட்டுக் கோட்பாட்டை வகுத்தார். மு. நித்தியானந்தனின் 'கூலித்தமிழ்' (2014) தோட்டத் தமிழின் அச்சு வரலாற்றை ஆராய்ந்தது. இவற்றுள் தொராபுள்ளியின் கோட்பாடு கடற்பயணத்தையும் கலப்புப் பண்பாட்டையும் முதன்மைப்படுத்துவது. கூலி உறவின் பொருளியல் அடித்தளம் அதில் பின்தள்ளப்படுகிறது. வசைச்சொல்லைப் பெருமைச்சொல்லாக மாற்றுவது தன்மானத்தின் முதற்படியே. சுரண்டல் அதனால் நீங்குவதில்லை.

எனவே 'கூலி'யை நாம் கட்டுமரத்தோடு ஒருவரிசையில் வைத்து எண்ணலாகாது. அச்சொல்லை ஏற்றுமதி செய்தது தமிழின் வளமன்று. தமிழுழைப்பாளரின் வறுமையும் அதனைப் பயன்கொண்ட மூலதனமுமே. சொல்லாராய்ச்சி இவ்வுண்மையிலிருந்து தொடங்குமாயின், அது மொழிப்பெருமை பேசுவதினின்றும் விடுபட்டு மக்கள் வரலாற்றின் ஒரு பகுதியாகும்.